டிராக் பந்தய வண்டியின் பின் தாங்கமைப்பும் சக்கரப் பிடிப்பும்

மோட்டார் வண்டியின் எஞ்சின் எத்துணை ஆற்றல் வாய்ந்ததாயினும், அவ்வாற்றல் சாலையைச் சென்றடைவதற்கு வழி ஒன்றே உண்டு. டயரின் அடிப்பாகம் தரையோடு பொருந்தி நிற்கும் சிறு பரப்பே அவ்வழி. அங்கே பிடிப்பு இல்லையெனில் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும், எரிபொருள் புகையாகும், வண்டி நகராது. மழைக் காலத்தில் கிராமப் பாதையில் ஜீப்பு ஓட்டிச் சென்ற அலுவலர் எவரும் இதனை அறிவர். இதே இடர்ப்பாட்டை மிகக் கடுமையான வடிவில் எதிர்நோக்கி, அதற்குத் தீர்வு காண்பதையே முழுநேர முயற்சியாகக் கொண்டவர்கள் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ‘டிராக்’ பந்தயக்காரர்கள். அவர்கள் கண்டறிந்தவற்றுள் சில, பந்தயத்தில் சிறிதும் நாட்டமில்லாதார்க்கும் பயன் தருவன.

டிராக் பந்தயம் என்பது இரு வண்டிகள் நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு, வளைவில்லாத நேர்த் தடத்தில் கால் மைல், அதாவது 402 மீட்டர் தொலைவை முதலில் கடக்கப் போட்டியிடுவதாகும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளிலும் பயன்படாது கிடந்த விமானத் தளங்களிலும் இது வளர்ந்தது. தெருக்களில் இளைஞர் பந்தயம் விடுவதைத் தடுத்து, இதனை ஒழுங்குக்குட்படுத்தும் நோக்குடன் வாலி பார்க்ஸ் என்பவர் 1951-இல் தேசிய ஹாட் ராட் சங்கத்தை நிறுவினார். அச்சங்கத்தின் முதல் தேசியப் போட்டி 1955-இல் கன்சாஸ் மாநிலத்தின் கிரேட் பெண்ட் என்னும் ஊரில் நடைபெற்றது. இப்பந்தயத்தில் வெற்றி பெரும்பாலும் முதல் இருபது மீட்டருக்குள் முடிவாகிவிடுகிறது. அங்கே சக்கரம் வழுக்கிய வண்டி இழந்த காலத்தை மீட்பது அரிது.

பிடிப்பு எதனைப் பொறுத்தது?

பள்ளிப் பாடத்திலேயே இதற்கு விடை உண்டு. டயர் தரையை உந்தக்கூடிய உச்ச விசை, அதன்மேல் அழுந்தும் எடையையும், டயருக்கும் தரைக்கும் உள்ள உராய்வுக் குணகத்தையும் பெருக்கி வருவது. எனவே பின்சக்கரங்களால் செலுத்தப்படும் வண்டியில் பின்பக்கம் எடை மிகுந்தால் பிடிப்பும் மிகும்.

வண்டி முன்னோக்கி விரையும்போது இவ்வெடை தானாகவே மிகுகிறது. விசை தரைமட்டத்தில் செயற்படுகிறது. வண்டியின் சடத்துவமோ தரைக்கு மேலே உள்ள புவியீர்ப்பு மையத்தில் நின்று எதிர்க்கிறது. இவ்விரண்டும் சேர்ந்து வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கிப் பின்பக்கத்தை அழுத்த முயல்கின்றன. இவ்வாறு முன்னிருந்து பின்னுக்கு மாறும் எடையைக் கணக்கிட மூன்று அளவுகள் போதும்: வண்டியை உந்தும் விசை, புவியீர்ப்பு மையத்தின் உயரம், முன்பின் சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரம். விசையை உயரத்தால் பெருக்கித் தூரத்தால் வகுத்தால் விடை கிட்டும்.

எடுத்துக்காட்டாக 1,500 கிலோகிராம் எடையுள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம். நிற்கும்போது முன்சக்கரங்களின்மேல் 825 கிலோவும் பின்சக்கரங்களின்மேல் 675 கிலோவும் அழுந்துகின்றன. புவியீர்ப்பு மையம் 0.55 மீட்டர் உயரத்தில் உள்ளது. சக்கரங்களின் இடைத்தூரம் 2.75 மீட்டர். உயரம் தூரத்தில் ஐந்தில் ஒரு பங்காதலால், உந்து விசையில் ஐந்தில் ஒரு பங்கு எடை பின்னுக்கு மாறும். உராய்வுக் குணகம் 0.9 எனக் கொண்டால், வழுக்காமல் பெறக்கூடிய உச்ச விசை ஏறக்குறைய 741 கிலோ. பின்னுக்கு மாறும் எடை 148 கிலோ. பின்சக்கரங்களின்மேல் மொத்தம் 823 கிலோ. எடை மாறாதிருந்தால் விசை 607 கிலோவோடு நின்றிருக்கும். இதே கார் முன்சக்கரங்களால் செலுத்தப்பட்டால் கணக்கு தலைகீழாகும்: விரையும்போது முன்சக்கரங்களிலிருந்து எடை விலகிச் செல்வதால், நிற்கும்போது மிகுதியான எடையைத் தாங்கும் அவற்றால்கூட 630 கிலோவுக்கு மேல் உந்த இயலாது.

உராய்வுக் குணகம் ஒன்றை மிஞ்சாது என்ற எண்ணம் ஒரு காலத்தில் பரவியிருந்தது. அது உண்மையாயின், நான்கு சக்கரங்களின் எடை முழுவதும் பின்சக்கரங்களுக்கே மாறினாலும், வண்டியின் வேக வளர்ச்சி புவியீர்ப்பின் வேக வளர்ச்சியைத் தாண்ட முடியாது. அந்நிலையில் கால் மைலைக் கடக்க 9 நொடிக்குச் சற்று மேலாகும்; இறுதி வேகம் மணிக்கு 199 மைலுக்குள் அடங்கும். ஆனால் 1964-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நியூ ஜெர்சி மாநிலத்தில் டான் கார்லிட்ஸ் என்பவர் ஓட்டிய வண்டி, 8 நொடிக்கும் குறைவான காலத்தில் ஓடி, மணிக்கு 200 மைலைக் கடந்தது. கணக்கில் பிழையில்லை, எடுத்துக்கொண்ட குணகமே தவறு. மென்மையான ரப்பர், சூடேறிய நிலையில், தரையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் புகுந்து பற்றுவதோடு, தரையோடு ஒட்டவும் செய்கிறது. மரக்கட்டை, இரும்பு ஆகியவற்றின் உராய்வு விதி ரப்பருக்கு அவ்வாறே பொருந்துவதில்லை. பந்தயத்திற்கு முன் ஓட்டுநர்கள் பின்சக்கரங்களை நின்ற இடத்திலேயே சுழற்றிப் புகையெழுப்புவது வேடிக்கைக்காக அன்று. டயரைத் துடைத்துச் சூடேற்றுவதற்காகவே.

தாழ்ந்தால் பிடிக்குமா?

புறப்படும் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் நிமிர்வதைக் காண்போர், ‘பின்பக்கம் எவ்வளவு தாழ்கிறதோ அவ்வளவு எடை சக்கரத்தின்மேல் ஏறுகிறது’ என்று கருதுவது இயல்பு. அதனால் பின்பக்க ஸ்பிரிங்குகளைத் தளர்த்துவோரும் உளர். இது பிழையான முடிவு. மேலே கண்ட கணக்கில் ஸ்பிரிங்கின் வலிமை எங்கும் இடம்பெறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஸ்பிரிங் மெல்லியதாயினும் வலியதாயினும், வேக வளர்ச்சி நிலைபெற்ற பின் மாறும் எடை அதே 148 கிலோதான். பின்பக்கம் தாழ்வது எடை மாறியதன் விளைவேயன்றிக் காரணம் அன்று.

இதனை வகுப்பில் எளிதில் காட்டலாம். அரை மீட்டர் இடைவெளியில் இரு கால்கள் பொருத்திய, ஏறத்தாழ 4 கிலோ எடையுள்ள மரப்பெட்டியொன்றை, இரு சமையலறைத் தராசுகளின்மேல் ஒரு கால் ஒரு தராசில் அமையுமாறு வைக்க வேண்டும். கால்களின் அடியில் ரப்பர்த் துண்டு ஒட்டித் தராசுகளுக்குப் பின்னால் செங்கல் வைத்தால் வழுக்காது. தராசுத் தட்டிலிருந்து 10 சென்டிமீட்டர் உயரத்தில் பெட்டியில் ஒரு கயிறு கட்டி, வில்தராசு ஒன்றைக் கொண்டு பின்னோக்கிக் கிடையாக 1 கிலோ விசையில் இழுத்தால், முன்தராசில் 200 கிராம் குறைந்து பின்தராசில் 200 கிராம் கூடும். இக்கயிற்றின் இழுப்பு வண்டியின் சடத்துவத்திற்கு ஈடாகும். பின்னர்ப் பெட்டிக்கும் கால்களுக்கும் இடையே கடற்பஞ்சு போன்ற மெத்தென்ற துண்டுகளை வைத்து, கயிற்றின் உயரம் மாறாதவாறு சரிசெய்து, மீண்டும் இழுக்கட்டும். பெட்டி கண்ணுக்குத் தெரியுமாறு பின்புறம் சாயும். தராசுகளோ அதே 200 கிராமையே காட்டும். நூலில் படிப்பதைவிட இது மாணவர் மனத்தில் நன்கு பதியும்.

அவ்வாறாயின் தாங்கமைப்பை மாற்றுவதால் பயன் யாது? பிடிப்பில் அது ஆற்றும் பங்கு எடையைப் பெருக்குவது அன்று. மாறும் எடை எவ்வளவு விரைவில் டயரைச் சென்றடைகிறது, அங்கே அலையாமல் நிலைக்கிறதா, இடவலச் சக்கரங்களுக்குச் சமமாகப் பகிரப்படுகிறதா என்னும் மூன்றுமே அதன் கையில் உள்ளன. இன்றுள்ள வண்டிகளில் மிக வேகமானதான ‘டாப் ஃபியூவல்’ வகை, 2008 முதல் 1,000 அடித் தடத்தில் ஓடி, அதன் முடிவில் மணிக்கு 530 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. அவ்வண்டியின் பின்பக்கத்தில் ஸ்பிரிங்கே இல்லை. ஆக்ஸில் சட்டத்தோடு இறுகப் பிணைக்கப்பட்டுள்ளது. நீண்ட சட்டத்தின் வளைவும் மாபெரும் டயர்களின் நெகிழ்வுமே அங்குத் தாங்கமைப்பின் வேலையைச் செய்கின்றன. சீராக்கப்பட்ட தடத்தில் மட்டும் இது இயலும். சாலை வண்டியிலிருந்து உருவான பந்தயக் காருக்கு ஸ்பிரிங் தேவை. ஆகவே அதன் குறைகளையும் களைய வேண்டும்.

ஸ்பிரிங் பட்டையின் முறுக்கம்

1950-களிலும் 1960-களிலும் வந்த அமெரிக்கக் கார்கள் பலவற்றில், நம் நாட்டு அம்பாசிடர் காரில் 2014-இல் அதன் உற்பத்தி நின்ற வரையில் இருந்ததைப் போல, பின் ஆக்ஸில் இருபுறமும் ஸ்பிரிங் பட்டைகளின்மேல் யு-போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டிருந்தது. லாரிகளிலும் சிறு சரக்கு வண்டிகளிலும் இன்றும் இதுவே பெருவழக்கு. இப்பட்டைகள் வண்டியைத் தாங்குவதோடு நிற்பதில்லை. ஆக்ஸிலை முன்பின் நகராமல் பிடிப்பதும் அவையே. அது தன் அச்சில் திரும்பாமல் தடுப்பதும் அவையே.

இந்த மூன்றாம் பணியில்தான் அவை தோல்வியுறுகின்றன. சக்கரம் முன்னோக்கிச் சுழல்வதற்கான திருப்புத் திறனைப் பெறும்போது, ஆக்ஸில் கூட்டின்மேல் அதே அளவான எதிர்த் திருப்புத் திறன் செயற்படும். நம் எடுத்துக்காட்டில் டயரின் ஆரம் 0.33 மீட்டராயின், இது 245 கிலோகிராம்-மீட்டர் ஆகும். ஒரு மீட்டர் நீளமுள்ள கடப்பாரையின் நுனியில் கால் டன் எடையைத் தொங்கவிட்டதற்கு ஒப்பானது. இதனால் டிஃபரென்ஷியலின் மூக்கு மேல்நோக்கி எழுகிறது. ஸ்பிரிங் பட்டையின் முன்பாதி மேல்நோக்கியும் பின்பாதி கீழ்நோக்கியும் வளைய, பட்டை பாம்பைப்போல் நெளிகிறது. அந்நெளிவில் ஆற்றல் சேமிக்கப்படுகிறது. ஒரு கட்டத்தில் டயர் சற்றே வழுக்க, எதிர்ப்பு திடீரெனக் குறைய, பட்டை விடுபட்டு ஆக்ஸிலைத் திருப்பியடிக்கிறது. டயர் மீண்டும் பற்றுகிறது. பட்டை மீண்டும் முறுக்கேறுகிறது. நொடிக்குப் பலமுறை இது நிகழும்போது சக்கரம் தரையில் தாவித் தாவிக் குதிக்கிறது. குதிக்கும் சக்கரத்தில் பிடிப்பு பாதி நேரம் இல்லை. யூனிவர்சல் ஜாயின்ட்டும், பட்டைகளும், சில வேளை ஆக்ஸில் தண்டுமே முறிகின்றன.

ஷெவர்லே நிறுவனத்தின் கமாரோ கார் இதற்கு நன்கு அறியப்பட்ட சான்று. 1967-ஆம் ஆண்டு வகையில் ஒவ்வொரு புறமும் ஒரே ஒரு பட்டையும், ஆக்ஸிலின் ஒரே பக்கத்தில் இரண்டு ஷாக் அப்சார்பர்களும் இருந்தன. ஆற்றல் மிக்க எஞ்சின் பொருத்திய வண்டிகளில் பின்சக்கரங்கள் குதிக்கலாயின. 1968-இல் ஒரு ஷாக் அப்சார்பரை ஆக்ஸிலுக்கு முன்னும், மற்றதைப் பின்னும் அமைத்தனர். ஆற்றல் மிக்க வகைகளில் பல பட்டைகள் அடுக்கிய ஸ்பிரிங் இடப்பட்டது. ஆக்ஸில் திரும்ப முயலும்போது முன்னுள்ள ஷாக் அப்சார்பர் ஒருபுறமாகவும் பின்னுள்ளது எதிர்ப்புறமாகவும் இழுபட்டு, அவ்வசைவைத் தணிக்கின்றன. கூடுதல் பாகம் எதுவும் இன்றி, இருந்ததை இடம் மாற்றிப் பெற்ற நன்மை இது. பொறியியலில் இத்தகைய தீர்வுகளே பாராட்டத்தக்கவை.

கிறைஸ்லர் நிறுவனத்தார் வேறு வழி கண்டனர். அவர்களுடைய கார்களில் ஆக்ஸில், பட்டையின் நடுவில் அன்றி முன்முனைக்கு அருகில் அமைந்திருந்தது. குறுகிய முன்பாதி விறைப்பாக இருந்து ஆக்ஸிலைத் திரும்பவிடாமல் தாங்க, நீண்ட பின்பாதி சாலையின் அதிர்வை ஏற்றுக்கொண்டது. பந்தயத்திற்கென அவர்கள் விற்ற ஸ்பிரிங்குகளில் இடப்புறமும் வலப்புறமும் வெவ்வேறாக இருந்தன. காரணம் பின்னர் விளங்கும். டிஃபரென்ஷியல் மூக்குக்கு மேலே ஒரு ரப்பர்க் கட்டையைப் பொருத்தி, அது குறிப்பிட்ட அளவுக்கு மேல் எழாதவாறும் செய்தனர்.

தடுப்புத் தண்டுகள்

பின்னாளில் பொருத்தக்கூடிய துணைக் கருவிகளுள் எளியது, ஸ்பிரிங் பட்டையின் கீழ் ஆக்ஸிலோடு இறுகப் பிணைத்து, முன்னோக்கி நீட்டப்படும் வலிய இரும்புத் தண்டு. அதன் முன்நுனியில் ரப்பர்க் கட்டை இருக்கும். ஆக்ஸில் திரும்ப முயன்றால் தண்டின் நுனி மேலெழுந்து, பட்டையின் முன்கண்ணுக்கு அடியில் முட்டி நின்றுவிடும். பட்டை நெளிவதற்கு இடமில்லை. முட்டும் நுனி வண்டியின் உடலை மேலே தூக்குகிறது. அதற்குச் சமமான எதிர்விசை ஆக்ஸிலைத் தரையோடு அழுத்துகிறது.

இங்கேதான் நுட்பமான பகுதி வருகிறது. பட்டைக்குப் பதிலாக, ஆக்ஸிலின் இருபுறமும் இரண்டிரண்டாக நான்கு இணைப்புத் தண்டுகளை அமைத்து, தாங்குவதற்குச் சுருள் ஸ்பிரிங்கை மட்டும் இடுவது பந்தய வண்டிகளின் வழக்கம். பக்கவாட்டில் நோக்கினால் மேல்தண்டும் கீழ்த்தண்டும் முன்னோக்கிச் சரிந்து, நீட்டினால் ஓரிடத்தில் சந்திக்கும். ஆக்ஸில் அக்கணத்தில் அப்புள்ளியைச் சுற்றியே அசைகிறது. இதனைக் கணநேர மையம் என்பர். அப்புள்ளி ஆக்ஸிலிலிருந்து எவ்வளவு முன்னே, தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளது என்பதே புறப்பாட்டின் தன்மையைத் தீர்மானிக்கிறது. உந்து விசையை அப்புள்ளியின் உயரத்தால் பெருக்கி முன்தூரத்தால் வகுத்தால், தண்டுகள் வழியாக ஆக்ஸிலின்மேல் நேராக அழுந்தும் விசை கிட்டும்.

புள்ளி 1.25 மீட்டர் முன்னே, 0.25 மீட்டர் உயரத்தில் இருப்பின், 741 கிலோ விசைக்கு இவ்வழுத்தம் 148 கிலோ. இது பின்னுக்கு மாறும் எடைக்குச் சரியாகச் சமம். ஆகவே ஸ்பிரிங் சுருங்கவும் இல்லை, நீளவும் இல்லை. வண்டியின் பின்பக்கம் தாழாமலும் எழாமலும் புறப்படும். மாறாகப் புள்ளி தரைமட்டத்தில் இருப்பின் தண்டுகள் எதையும் தாங்கா. பின்பக்கம் தாழ்ந்து ஸ்பிரிங் சுருங்கிய பின்னரே எடை முழுமையாக டயரை அடையும்; அதுவரை 675 கிலோ எடைக்குரிய பிடிப்பே உண்டு. அச்சிறு இடைவேளையில் ஓட்டுநர் முழு ஆற்றலையும் திறந்தால் சக்கரம் சுழன்றுவிடும். ஒருமுறை சுழலத் தொடங்கிய டயர், பிடித்து நிற்கும் டயரைவிடக் குறைந்த விசையையே தரும்.

புள்ளியை மேலும் நெருக்கி 0.8 மீட்டர் முன்னே வைத்தால் அழுத்தம் 232 கிலோ ஆகும். மாறும் எடையைவிட 84 கிலோ மிகுதி. இவ்வுபரி விசை வண்டியின் பின்பக்கத்தை மேலே தூக்குகிறது. தூக்கும் அக்கணத்தில் டயரின்மேல் நிலைத்த அளவைக் காட்டிலும் 84 கிலோ கூடுதலாக அழுந்துகிறது. ஸ்பிரிங் நீண்டு சமநிலை வந்ததும் அக்கூடுதல் மறைந்துவிடுகிறது. நிறுவைத் தராசின்மேல் நிற்பவர் திடீரென எழுந்தால் முள் ஒரு கணம் மிகுத்துக் காட்டுவது போன்றது இது. கடன் வாங்கிய எடை என்றும் சொல்லலாம்; ஏனெனில் பின்பக்கம் எழுவது நிற்கும்போது அதே அளவு எடை டயரிலிருந்து திரும்பப் பெறப்படுகிறது. திரும்பப் பெறுவது திடீரென நிகழ்ந்தால் டயர் அப்போது வழுக்கும். அதனை மெல்லத் தவணைகளில் நிகழச் செய்வது பின்பக்க ஷாக் அப்சார்பரின் வேலை. பிடிப்பு மிகுந்த தடத்தில் இவ்வுதை வேண்டியதில்லை; பிடிப்பு குறைந்த தடத்தில் ஓரளவு உதவும். வண்டியின் எல்லா நிலைக்கும் ஏற்ற ஒரே புள்ளி என்பதில்லை என்பதாலேயே, தண்டுகளைப் பிணைக்கும் தகட்டில் பல துளைகள் இடப்படுகின்றன.

வலச் சக்கரம் ஏன் முதலில் வழுக்குகிறது?

பின்சக்கரச் செலுத்தமுள்ள பழைய அமெரிக்கக் கார் வழுக்கிச் சென்ற தடத்தை நோக்கினால், பெரும்பாலும் வலப்புறத்தில் ஒரே ஒரு கருங்கோடு காணப்படும். எஞ்சினிலிருந்து பின்னோக்கி வரும் நீண்ட தண்டு, பின்னாலிருந்து பார்க்கையில் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. அது தன் திருப்புத் திறனால் ஆக்ஸில் கூட்டையும் அதே திசையில் புரட்ட முயல்கிறது. ஆகவே இடச்சக்கரம் அழுந்துகிறது, வலச்சக்கரம் தூக்கப்படுகிறது. டிஃபரென்ஷியலின் பல் விகிதம் 3.5 எனவும், இரு சக்கரங்களின் இடைவெளி 1.4 மீட்டர் எனவும் கொண்டால், வலச்சக்கரத்திலிருந்து 50 கிலோ வரை இடச்சக்கரத்திற்கு மாறலாம். சாதாரண டிஃபரென்ஷியல் இரு சக்கரங்களுக்கும் சம விசையையே பகிர்வதால், எடை குறைந்த சக்கரம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவே மற்றதற்கும் கிட்டும். நம் காரில் 741 கிலோவாக இருந்த உச்ச விசை 650-க்கு இறங்கிவிடும்.

எஞ்சின் வண்டியின் உடலை எதிர்த்திசையில் சாய்க்கிறது. அச்சாய்வு பின் ஸ்பிரிங்குகள் வழியே திரும்பி வந்தால் இந்த இழப்பு ஈடாகும். முன்பக்க ஸ்பிரிங்குகளும் அச்சாய்வைப் பகிர்ந்துகொள்வதே குறை. எனவேதான் பந்தயக்காரர் முன்பக்கச் சாய்வுத் தடுப்புக் கம்பியைக் கழற்றி, பின்பக்கத்தில் வலிய கம்பி ஒன்றைப் பொருத்துகின்றனர். கிறைஸ்லர் ஸ்பிரிங்குகள் வலமும் இடமும் வேறுபட்டதற்கும் இதுவே காரணம். டிஃபரென்ஷியலைப் பூட்டி இரு சக்கரங்களையும் ஒன்றாகச் சுழலச் செய்வது மற்றொரு வழி. நேர்த் தடத்தில் அது நன்று. வளைவுகள் உள்ள சாலையில் டயரும் ஆக்ஸிலும் தேய்ந்தழியும்.

முன்பக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எளிதில் எழுந்து மெல்ல இறங்கும் ஷாக் அப்சார்பர்களை அங்கே பொருத்துவது வழக்கம். புவியீர்ப்பு மையம் 5 சென்டிமீட்டர் உயர்ந்தால் மாறும் எடை பதினொன்றில் ஒரு பங்கு கூடும், அவ்வளவே. முன்சக்கரங்கள் வானை நோக்கி எழுவது பார்ப்போர்க்கு உவகை தரினும், அந்நிலையில் வண்டியைத் திருப்ப இயலாது. ஆகவே பின்னால் சிறு சக்கரங்கள் பொருத்திய தாங்கிகளை நீட்டி, வண்டி மல்லாந்து விழாமல் காக்கின்றனர்.

வேலையைத் தொடங்குவோர் பணம் செலவிடும் முறையில் தவறுவதுண்டு. விலையுயர்ந்த தண்டுகளை வாங்கிப் பொருத்திய பின், பட்டையின் கண்ணில் உள்ள ரப்பர் புஷ் தேய்ந்து கிடப்பதைக் காண்பர். முதலில் புஷ்களும் யு-போல்ட்டுகளும் ஷாக் அப்சார்பர்களும் செம்மையாக இருத்தல் வேண்டும். அடுத்தது டயரும் அதன் காற்றழுத்தமும். உராய்வுக் குணகம் 0.9-இலிருந்து 1.5-க்கு உயர்ந்தால் நம் காரின் உந்து விசை 741-இலிருந்து ஏறக்குறைய 1,446 கிலோவாகிறது. எந்தத் தண்டும் இதற்கு ஈடாகாது. பட்டை வண்டிகளில் டிஃபரென்ஷியல் மூக்கைச் சில பாகை தாழ்த்தி அமைப்பதும் நன்று. ஆற்றல் பாயும்போது மூக்கு எழுந்து, யூனிவர்சல் ஜாயின்ட் நேர்கோட்டுக்கு வரும். பிடிப்பு மிகுந்தால் முறியும் பாகங்களும் மிகும் என்பதை மறத்தலாகாது. தண்டின் முன் இணைப்பு முறிந்து நுனி தரையில் ஊன்றினால் வண்டியே தூக்கியெறியப்படும். இதனால் வேகமான வண்டிகளில் அத்தண்டைச் சுற்றி இரும்பு வளையம் பொருத்துதல் பந்தய விதியாயிற்று.

இம்மாற்றங்கள் யாவும் மூடிய தடத்திற்கே உரியன. நம் நாட்டில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது. 189-ஆம் பிரிவு பொதுச் சாலையில் பந்தயம் விடுவதைக் குற்றமாக்குகிறது. ஸ்பிரிங்கை அறுத்துத் தாழ்த்திய வண்டி பிடிப்பில் எதையும் ஈட்டுவதில்லை. பிரேக் இடும்போதும் வளைவிலும் டயரைத் தரையோடு நிறுத்தும் திறனைத்தான் இழக்கிறது.

டிராக்டரில் இதே கணக்கு

கள அலுவலர்கள் அன்றாடம் காணும் இயந்திரங்களுள் டிராக் பந்தய வண்டிக்கு மிக நெருங்கிய உறவு டிராக்டரே. அதன் பின்சக்கரங்கள் பெரியன, முன்பக்கம் இலேசானது, சக்கர இடைத்தூரம் குறைவு, முதற் பல்லில் திருப்புத் திறன் மிகப் பெரிது. பின் ஆக்ஸிலுக்கு ஸ்பிரிங் இல்லை. பந்தய வண்டியில் டிஃபரென்ஷியல் மூக்கைத் தூக்கிய அதே எதிர்த் திருப்புத் திறன், இங்கே டிராக்டரின் உடல் முழுவதையும் ஆக்ஸிலைச் சுற்றித் தூக்குகிறது. பந்தய வண்டியில் உள்ளதுபோல் பின்தாங்கிச் சக்கரங்களும் இல்லை. முன்சக்கரங்கள் எழத் தொடங்கி, மீட்க முடியாத நிலையை எய்த ஏறக்குறைய முக்கால் நொடியே ஆகும். கிளட்சை மிதிக்க வேண்டுமென ஓட்டுநர் உணர்வதற்குள் காலம் கடந்துவிடும்.

சுமையைப் பிணைக்கும் உயரமே இங்கு முதன்மையானது. ஆக்ஸிலுக்குக் கீழே உள்ள இழுவைக் கம்பியில் சங்கிலியைப் பிணைத்தால், முன்பக்கம் எழ எழப் பிணைப்புப் புள்ளி தாழ்ந்து, சுமையின் தூக்கும் ஆற்றல் தணிகிறது. ஆக்ஸிலின்மேலோ, மேல் இணைப்புத் தண்டு மாட்டும் இடத்திலோ பிணைத்தால், சுமையே டிராக்டரைப் பின்புறம் கவிழ்க்கும் நெம்புகோலாகிறது. அயர்லாந்து நாட்டவரான ஹாரி பெர்குசன் வகுத்த மும்முனை இணைப்பில், உழும்போது கலப்பையின் மேல் இணைப்புத் தண்டு டிராக்டரை முன்னோக்கித் தள்ளி, முன்சக்கரங்களை அழுத்தி நிற்கிறது. ஆனால் அந்நன்மை கலப்பைக்கே உரியது. அதே தண்டு மாட்டும் இடத்தில் மரத்தையோ சேற்றில் சிக்கிய வண்டியையோ கட்டி இழுத்தல் கொடிய ஆபத்து.

சேற்றில் புதைந்த டிராக்டரின் பின்சக்கரங்களில் மரக்கட்டையைக் கட்டி முன்னோக்கிச் செலுத்தும் வழக்கம் சில இடங்களில் உண்டு. கட்டை தரையில் ஊன்றிச் சக்கரத்தைச் சுழலவிடாமல் பூட்டிவிடும். சக்கரம் சுழலாவிடில் ஆக்ஸிலைச் சுற்றிச் சுழல எஞ்சியிருப்பது டிராக்டரின் உடல் மட்டுமே. இவ்வழக்கத்தைக் காணும் இடங்களில் அலுவலர்கள் உடனே தடுத்தல் வேண்டும். புதைந்த டிராக்டரைச் சக்கரத்தின் பின்னுள்ள மண்ணை வெட்டி நீக்கிப் பின்னோக்கி எடுப்பதே தக்க முறை. பின்னோக்கிச் செலுத்தும்போது எதிர்த் திருப்புத் திறன் திசை மாறி, முன்பக்கத்தைத் தரையோடு அழுத்தும். அவ்வாறும் வெளிவராவிடில், மற்றொரு டிராக்டரின் இழுவைக் கம்பியில் நீண்ட சங்கிலியைத் தாழப் பிணைத்து, கிளட்சை மெல்ல விட்டு இழுக்க வேண்டும். சங்கிலியின் அருகே ஒருவரும் நிற்கலாகாது.